தென்கிழக்குக் காற்றின் காகிதம்

1982 மார்ச் 3, காலை 8.10. கொடைக்கானல் மலை உச்சியில் இருந்த காற்று ஆய்வு நிலையத்தில் ஒரு காகிதம் திருட்டுப் போயிருந்தது. உள்ளங்கை அகல வட்டக் காகிதம். பழைய பேப்பர் கடைக்காரன் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டான். அதற்காக சப்-இன்ஸ்பெக்டர் சேனாதிபதி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே மேடேறி வந்தார்.

"ஒரு பேப்பருக்குப் போலீஸா?"

"பதினோரு மணிக்கு மெட்ராஸ்லருந்து டைரக்டர் வர்றாருங்க. அந்தப் பேப்பர் இல்லேன்னா இந்த ஸ்டேஷன இன்னைக்கே பூட்டிருவாரு" என்றார் மரியசூசை. பதினோரு வருடமாக நிலையத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். ஒரு நாள்கூடப் பம்பை நிறுத்தியதில்லை.

அந்தப் பம்பு நாள் முழுக்கக் காற்றை இழுக்கும். அதன் வாயில் ஒரு வெள்ளை வட்டக் காகிதம். விளிம்பைச் சுற்றி இரும்பு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். காற்றிலுள்ள கரி காகிதத்தில் படியும். மறுநாள் காலையில் கழற்றி, தேதி போட்டு உறையில் வைப்பார். கரி வெயிலை வாங்கிக் காற்றைச் சூடாக்குகிறது, அதனால்தான் மூடுபனி முன்போல் தங்குவதில்லை என்பது மரியசூசையின் கட்சி. எல்லாம் உள்ளூர் அடுப்புப் புகை, இதற்கு ஒரு நிலையம் வேண்டாம் என்பது டைரக்டரின் கட்சி. தூரத்துப் புகையும் மலையேறுகிறது என்பதற்கு மரியசூசையிடம் இருந்த நல்ல அத்தாட்சி பிப்ரவரி 9-ஆம் தேதிக் காகிதம் ஒன்றுதான். அந்த உறைக்குள் இப்போது வேறொரு காகிதம் இருந்தது.

சேனாதிபதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் வரைக்கும் ஒரே பழுப்பு. லேசாக நெளிந்திருந்தது.

8.40.

"யார் மேல சந்தேகம்?"

"கரிமூட்டம் போடுற பொன்னுவேல் மேலதாங்க. என் பேப்பரக் காட்டி மூட்டத்த மூட வச்சிருவேன்னு அவனுக்குப் பயம்."

"மூட்டம் எங்க இருக்கு?"

"மேக்கால, போளூர் போற வழியில."

சேனாதிபதி காற்று நோட்டைப் புரட்டினார். பிப்ரவரி 9: 'தென்கிழக்கு'. பக்கத்தில் அதே கையெழுத்தில், 'இலங்கைப் பக்கக் காற்று'.

அப்போது நிலையத்தைப் பெருக்கும் அமிர்தவல்லி இரண்டு தம்ளர்களோடு வந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எட்டு வருடம் முன்பு இங்கே வந்து சேர்ந்தவள்.

"தேத்தண்ணி குடிங்க ஐயா. ஆறிப்போகும்."

தம்ளரை வாங்கும்போது ஒரு சொட்டு சேனாதிபதியின் குறிப்புத் தாளில் விழுந்தது. அது ஊறி ஊறி விளிம்பைத் தொடும் வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உறையிலிருந்த காகிதத்தை எடுத்து முகர்ந்தார்.

9.05.

"பொன்னுவேல விட்டுருங்க" என்றார் சேனாதிபதி. "தென்கிழக்குக் காத்துல மேக்க இருக்கிற மூட்டத்துப் புகை இங்க வராது. அந்தப் பேப்பர் இருந்தா அவனுக்குத்தான் நல்லது." அவர் திரும்பினார். "ஏம்மா அமிர்தவல்லி, பேப்பர எங்க வச்சிருக்க?"

அவள் மடியை இறுக்கிப் பிடித்தாள். மரியசூசைதான் பதறினார். "அவ எதுக்குங்க எடுக்கப்போறா?"

"காத்துல வர்ற கரி வளையத்துக்கு உள்ளதான் படியும். ஓரம் வெள்ளையா இருக்கணும். இது ஓரம் வரைக்கும் ஊறியிருக்கு. புதுப் பேப்பரத் தேத்தண்ணியில முக்கிக் காயப்போட்டிருக்காங்க. இங்க தேத்தண்ணி போடுறது இவங்கதான?"

"தெனமும் கழட்டுற என் கண்ணுல படலையே!"

"நடுவுல எவ்வளவு கரின்னு பாக்குறதுதான் உங்க சோலி. ஓரத்த யாரு பாக்குறா?"

அமிர்தவல்லி மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஒரு பெண்ணின் போட்டோ. அதோடு சாம்பல் நிற வட்டம், சுற்றிலும் வெள்ளை ஓரம்.

"எம்மக அன்னக்கொடி. எங்களுக்கு இந்தியா, கட்டிக்குடுத்த மகளுக்கு அந்த நாடுன்னு பிரிச்சிட்டாங்க ஐயா. ரெண்டு வருசமா கடுதாசியும் இல்ல. எங்க லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னாலதான் தேயிலை பெக்டரி; விடிஞ்சா அந்தப் பொகையிலதான் முழிப்போம். அன்னிக்கு இந்த ஐயாதான் சொன்னாரு, இது ஒங்க ஊருப் பொகைன்னு. அவ மூட்டுன அடுப்புப் பொகையும் இதுல துளி இருக்குமில்லையா? அதான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

மரியசூசை சேனாதிபதியின் காதருகே குனிந்தார். "மதுரைப் புகையாவும் இருக்கலாம் சார். நான்தான் ஏதோ வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"டைரக்டர்ட்ட சொல்லுங்க. அதுவும் தூரத்துப் புகைதான. இங்க சொல்லாதீங்க."

காகிதம் உறைக்குள் போனது. 'உறை மாறிக் கிடந்தது. கிடைத்துவிட்டது' என்று சேனாதிபதி எழுதி முடித்தார். போட்டோவை மட்டும் மறுபடி மடியில் முடிந்துகொண்ட அமிர்தவல்லி, வாசல்வரை போய் நின்றாள். அவளுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"ஐயா, இங்கேருந்து அந்தப் பக்கம் காத்து எப்ப போகும்?"

மரியசூசை பழைய நோட்டுகளைப் புரட்டினார். "ஆடியில. வடமேற்குக் காத்து."

"அப்ப ஆடியில ஒரு நாளு பச்ச வெறகா வச்சு அடுப்ப நல்லாப் பொகைய விடணும். ஆத்தா இருக்கான்னு அவளுக்குத் தெரியணுமில்ல."

பதினோரு வருடமாகப் புகையைத் தவிர வேறொன்றையும் திட்டியறியாத மரியசூசை, நோட்டை மூடினார்.

"காத்து திரும்புனதும் சொல்லி அனுப்புறேன் அமிர்தம். அன்னைக்கு ஒரு நாள் பம்ப நிறுத்தி வச்சிர்றேன்."