அத்தான் நிறுத்திய விசிறி

எதிர்வீட்டில் விசிறி சுற்றவில்லை என்று, அந்த வீட்டு அம்மாளின் தம்பி மத்தியான வெயிலில் பையோடு வந்து இறங்கினான். எலக்ட்ரீஷியன். தெருவில் அவனுக்கு ‘ஷாக்’ என்று பெயர். எந்த வேலையைத் தொட்டாலும் ஒன்று வாங்காமல் வீடு திரும்பமாட்டான். ஸ்டூலைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். விழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாமே என்று நானும் போனேன்.

அவனுடைய அத்தான், அந்த அம்மாளின் கணவர், போன மாதம் அந்த விசிறி இருந்த அறையில்தான் தூக்கத்திலேயே போனார். கண்ணைத் தானம் செய்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்தவர். கண் வங்கிக்கு அக்காதான் போன் செய்தாள். அவர்கள் சொன்னபடி விசிறியை நிறுத்தி, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தி, மூடிய இமைகளின்மேல் ஈரப்பஞ்சு வைத்தாள். கண் காயக்கூடாதாம். பஞ்சு காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. அதன்பிறகு அவர் படுத்திருந்தது வெறுங்கட்டில்.

ஷாக் ரெகுலேட்டரை மாற்றினான். கன்டென்சரை மாற்றினான். ஸ்விட்சைப் போட்டான். விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.

டக்.

ஸ்விட்ச் தானாக அணைந்தது. புது ஸ்விட்ச் மாட்டினான். அதையும் யாரோ விரல் வைத்து அணைத்தார்கள். அவசரமே இல்லாமல்.

“ஏன்டா, நீ மாட்டின ஸ்விட்சுக்கே உன்மேல நம்பிக்கை இல்லையா?” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெறுங்கட்டிலில் இரண்டு தலையணைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே தலை பதிந்த குழி. குழிக்குள் அருகருகே இரண்டு பஞ்சு. சொட்டச் சொட்ட ஈரம்.

“அக்கா... நீயா வச்ச?”

“வீட்ல பஞ்சே இல்லடா. அன்னிக்கே தீந்துபோச்சு.”

குழி இன்னும் கொஞ்சம் ஆழமாயிற்று.

ஷாக் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அவங்க வந்தாங்கக்கா.”

“யாரு?”

“கண்ணு எடுக்கறவங்க. வீட்ல யாருக்கும் இஷ்டமில்லன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். கண்ணில்லாம அத்தான் எப்படிப் போவாரு... எனக்குப் பயமா இருந்துச்சு.”

அக்கா கத்தியிருந்தால் தேவலை.

“வண்டிச் சத்தம் கேட்டுச்சேன்னு கேட்டேன். பால்காரன்னு சொன்ன,” என்றாள் மெல்ல. “நான் நனைச்சிட்டே இருந்தேன்டா.”

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். காதெல்லாம் சிவந்திருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

“என் கண்ணைத் தர்றேன் அத்தான்,” என்று விரல்களுக்குள்ளிருந்து முனகினான். “சத்தியமா தர்றேன்.”

டக்.

விசிறி சுழன்றது. அத்தனை சீக்கிரம் திருப்தியடைந்த வாடிக்கையாளர் அவனுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் ஷாக் என் வீட்டு வாசலில் நின்றான். கன்னமெல்லாம் ஈரம். அழுதிருப்பான் என்று நினைத்தேன்.

“சாப்பிட்டுட்டு சும்மா கண்ணசந்தேன் பெரியவரே. முழிச்சா ஒண்ணுமே தெரியல, கண்ணு மேல ஏதோ ஈரமா இருக்கு. ஃபேன் நின்னிருக்கு. தலைக்குக் கீழ ரெண்டு தலையணை.”

உள்ளங்கையை விரித்தான். இரண்டு பஞ்சு.

“நான் இன்னும் சாகலன்னு அவர்கிட்ட யாராவது சொல்லுங்களேன்.”

உள்ளே வா, பேசிக்கொள்ளலாம் என்றேன். அவன் வாசற்படியைத் தாண்டிக் காலெடுத்து வைத்தான்.

என் தலைக்கு மேலே விசிறி நின்றது.