எதுவும் கொடுக்கப்படாத ஊர்

காரணமானி மூன்றாவது முறையும் அதே சொல்லைக் காட்டியது. நறுமுகை அதை அணைத்து, துப்பட்டாவால் திரையைத் துடைத்து, பள்ளிக்கூட வாசலில் இருந்த வேப்பமர நிழலில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி போட்டாள். சுவரை நோக்கிப் பிடித்து, ‘இந்த ஊரில் பதினொரு வருடமாக ஒரு பிள்ளைகூடப் படிப்பை நிறுத்தவில்லை. ஏன்?’ என்று தட்டினாள்.

ஆசிரியர்: ஒன்பது. மதிய உணவு: பன்னிரண்டு. கேள்வி: எழுபத்தொன்று. மீதி சில்லறைக் காரணங்கள்.

காரணமானி புழக்கத்துக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு நிகழ்ச்சி விட்டுப்போன தடயங்களை எல்லாம் சேகரித்து, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும். எதை நீக்கினால் அந்த நிகழ்ச்சியே நடந்திருக்காதோ அதற்கு அதிக எடை போடும். அதற்குள் வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டது. குழம்பு ஏன் கசந்தது, மாப்பிள்ளை வீட்டார் ஏன் பதில் சொல்லவில்லை, தேர்தலில் ஏன் தோற்றோம், எல்லாவற்றுக்கும் அரை நிமிடத்தில் விடை. டீக்கடைகளில் வாக்குவாதம் பாதியாகக் குறைந்துவிட்டதாகவும் அதனால் டீ விற்பனை படுத்துவிட்டதாகவும் செய்தி வந்தது. அதற்கும் காரணமானிதான் சாட்சி.

நறுமுகை வேலை பார்த்த இடம் சென்னையில் இருந்த கரையோர வாழ்நல ஆய்வகம். ராமநாதபுரத்துக் கடற்கரையில் அடுத்தடுத்த ஐந்து ஊர்களை முப்பது வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தது அது. ஓர் ஊரின் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பலகைகள் கொடுத்தார்கள். இன்னோர் ஊருக்கு நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம். மற்றொன்றுக்கு அலையாத்திக் கன்றுகள். நான்காவது ஊருக்கு மூன்றும். ஐந்தாவது ஊரான நெடுமணலுக்கு மட்டும் வேண்டுமென்றே எதுவும் கொடுக்கவில்லை. அது ஒப்பீட்டு ஊர். கொடுத்த ஊர்களில் என்ன மாறியது என்பதைக் கொடுக்காத ஊரோடு ஒப்பிட்டுத்தானே சொல்ல முடியும்.

ஆனால் நெடுமணல்தான் முந்திவிட்டது. படிப்பில், பிள்ளைகளின் எடையில், கரையோரக் காட்டின் பரப்பில், எல்லாவற்றிலும்.

“யாரோ கசியவிட்டிருக்காங்க, நறுமுகை,” என்று சொல்லித்தான் இயக்குநர் வேதமாணிக்கம் அவளை அனுப்பியிருந்தார். “ஏதாவது தொண்டு நிறுவனமா இருக்கலாம், சர்ச்சா இருக்கலாம், துபாய்ல சம்பாதிக்கிற ஊர்க்காரரா இருக்கலாம். யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. இல்லேன்னா முப்பது வருஷ வேலையும் வீண்.”

நறுமுகையின் பன்னிரண்டு வருட உழைப்பும் அந்த முப்பதில் அடக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து குடிநீர்க் கிணற்றடிக்குப் போய்க் கருவியைப் பிடித்தாள். கேள்வி: அறுபத்தெட்டு. கழிமுகத்தில் இடுப்பளவுக்கு அடர்ந்து நின்ற அலையாத்திகளின் முன் பிடித்தாள். கேள்வி: எழுபத்துநான்கு.

அவள் பின்னாலேயே ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஜெசிந்தா. கடற்பாசி எடுக்கும் பெண்களின் சங்கத் தலைவி, ஐம்பது வயது தாண்டியவள், கடலில் முங்கி முங்கிச் சிவந்த கண்கள்.

“என்ன டாக்டரம்மா சொல்லுது அந்தப் பெட்டி?”

“கேள்வின்னு சொல்லுது அக்கா. பழுதாயிருக்கும்னு நினைக்கிறேன்.”

“பழுதெல்லாம் இல்ல, சரியாத்தான் சொல்லுது. வாங்க காட்டுறேன்.”

சங்கக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் காய்ந்த பாசியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கட்டுக் கட்டாக ஆய்வகத்தின் வினாத்தாள்கள். கணக்கெடுக்க வரும் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் விட்டுப்போன பிரதிகள்.

நறுமுகை அவற்றைப் புரட்டினாள். மற்ற நான்கு ஊர்களிலும் கொடுத்த பொருளைப் பற்றி முப்பது கேள்விகளோடு முடித்துக்கொள்வார்கள். நெடுமணலில் கொடுத்த பொருள் ஏதும் இல்லாததால், வாழ்க்கையைப் பற்றியே இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். வருடத்துக்கு மூன்று தடவை. ஒவ்வொரு வீட்டிலும்.

“‘நேத்து சமைக்கிறதுக்கு முன்னாடி கைய சோப்புப் போட்டுக் கழுவினீங்களா’ன்னு கேக்கும் வர்ற புள்ள,” என்றாள் ராக்கு. கூட்டத்தில் அவள்தான் வாயாடி. “நாலு தடவ இல்லன்னு சொன்னேன். அதுங்க மூஞ்சில ஒண்ணும் காட்டாது. சிரிக்காது, திட்டாது. இல்லன்னு எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிரும். அதுதான் எனக்குப் பொறுக்கல. அஞ்சாவது தடவ வர்றதுக்குள்ள சோப்பு வாங்கி வச்சுட்டேன்.”

“நான் ஆமான்னு பொய் சொன்னேன்,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “அடுத்த தடவ, சோப்பக் காட்ட முடியுமான்னு புதுசா ஒரு கேள்வி சேத்துட்டாங்க.”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

பிள்ளை போன வாரம் ஏதாவது வாசித்துக் காட்டியதா என்று தாளில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் அதற்காகவே பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். கதை பாதியில் நின்றால் அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும், மீதியைத் தெரிந்துகொண்டு வர.

“கரையில உயிரோட நிக்கிற அலையாத்தி எத்தனைன்னு கேப்பாங்க,” என்றாள் ஜெசிந்தா. “எட்டு வருஷம் பூச்சியம், பூச்சியம்னு சொன்னோம். பக்கத்து ஊருக்கு லாரியில கன்னு வந்து இறங்குச்சு. நட்டுட்டுப் போனாங்க, ஆடு மேஞ்சிருச்சு. நாங்க கழிமுகத்துல மிதக்குற வெதயப் பொறுக்கி நாங்களே ஊனினோம். ஆட்டக் கட்டிப்போட்டோம். அடுத்த தடவ முன்னூத்திப் பதினேழுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த புள்ள பேனாவ நிறுத்திட்டு என்ன நிமிந்து பாத்துச்சு. அந்த ஒரு பார்வைக்கு இன்னும் மூவாயிரம் நடலாம் போல இருந்துச்சு.”

மாணவர்கள் போன பிறகு பெண்கள் ஒன்றுகூடுவார்களாம். யார் என்ன சொன்னார்கள், எந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இல்லை என்று மாலை வரை பேசித் தீர்ப்பார்களாம். கிணற்றுக்கு மூடி போட்டது, மருந்து தெளித்தது, பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது ஆசிரியை வேண்டுமென்று கலெக்டர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தது, எல்லாம் அந்தப் பேச்சில் பிறந்தவை.

கசிவு இருந்தது. கசியவிட்டது ஆய்வகமேதான்.

நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. இதற்குமேல் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. அவர்களுக்கு எதுவும் தரக்கூடாது என்று முடிவு செய்ததே தாங்கள்தான் என்பதை, ஒப்பீட்டு ஊர் என்றால் என்ன என்பதை, சீட்டுக் குலுக்கியதில் நெடுமணலின் பெயர் வந்ததை மறைக்காமல் சொன்னாள்.

பாசி பிரித்த கைகள் நின்றுபோயின.

“மேலக்கரைக்குத் தண்ணி எந்திரம் வந்தப்ப நான் கொடத்தத் தூக்கிட்டு அங்க போனேன்,” என்றாள் ஜெசிந்தா மெதுவாக. “இது எங்க ஊருக்கு மட்டும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க மேல யாருக்கு என்ன கோவமோன்னு அழுதுக்கிட்டே வந்தேன். யாருக்கும் கோவம் இல்ல. சீட்டு.”

“ஆமாம் அக்கா.”

“இருநூத்திப் பன்னெண்டு கேள்வி கேட்டீங்க. ‘உங்களுக்கு ஒண்ணும் தராம இருக்கப்போறோம், சம்மதமா’ன்னு ஒரு கேள்வி சேத்திருக்கலாம்.”

இத்தனை வருடத்தில் கேள்விக்கு எதிர்ப்பக்கம் நறுமுகை உட்கார்ந்ததில்லை. பாதிப் படித்த வினாத்தாளை மடித்து இரும்புப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

ராக்குதான் எழுந்து டீ ஊற்றினாள். “சரி, இப்பவாச்சும் வாயத் தொறந்து சொன்னீகளே. எங்களுக்கு வேற ஒரு குறை. ரெண்டு வருஷமா ஏன் யாரும் கேக்க வரல?”

அதற்கு விடை நறுமுகைக்குத் தெரியும். காரணமானி வந்த பிறகு ஆட்களை அனுப்பத் தேவையில்லை என்று ஆய்வகம் முடிவு செய்திருந்தது. கம்பத்தில் ஒரு கருவியை மாட்டிவிட்டால் போதும், யாரையும் எதுவும் கேட்காமலே எல்லாம் தெரிந்துவிடும். நன்மைக்குக் காரணம் எது என்று காட்டுகிற கருவியே அந்தக் காரணத்தை ஊரைவிட்டுத் துரத்தியிருந்தது.

“நீங்க வராததால நாங்களே கேட்டுக்க ஆரம்பிச்சுட்டோம்,” என்றாள் ஜெசிந்தா. “வெள்ளிக்கிழமை மத்தியானம். பழைய தாள் தீந்துபோச்சு, எல்லாத்துக்கும் பதில் இருக்கு. புதுசு எழுதுறோம். உங்க ஆய்வகத்துக்குன்னு தனியா ஒண்ணு எழுதி வச்சிருக்கோம். ஆரம்பிக்கலாமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்.”

நறுமுகை சம்மதித்தாள். ராக்கு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நேற்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள்? உங்கள் அலுவலகத்துக் கழிவுநீர் எங்கே போகிறது? கடைசியாக வெறுங்காலோடு மண்ணில் நின்றது எப்போது? உங்கள் பிள்ளை எந்தப் பாடத்தில் திணறுகிறது?

கடைசிக் கேள்விக்கு நறுமுகை வெகுநேரம் யோசித்தாள். மகள் ஏழாம் வகுப்பு. “தெரியல,” என்றாள்.

ராக்கு முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

சென்னைக்குத் திரும்பிய நறுமுகை முதலில் மகளிடம் கேட்டாள். பின்னம் புரியவில்லை என்று அவள் சொன்னாள். அப்புறம்தான் அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.

வேதமாணிக்கம் அறிக்கையை இரண்டு முறை படித்தார். முதல் முறை தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டாம் முறை எழுந்து நடந்துகொண்டே படித்தார். தண்ணீர் இயந்திரம் ஐந்தாவது ஊருக்கும் போக வேண்டும், நிறுத்திய கேள்விகள் ஐந்து ஊருக்கும் திரும்ப வேண்டும் என்று அன்றைக்கே உத்தரவு போட்டார். “அந்தப் பெண்களை இங்க வரச் சொல்லுங்க,” என்றார். “நம்மையும் ஆராயட்டும். முறையா பதிவு பண்ணி, ஆய்வாவே நடத்துவோம்.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெசிந்தாவும் ராக்குவும் இன்னும் நான்கு பேரும் ஆய்வக வேனில் வந்து இறங்கினார்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்த நூற்று எண்பது பேரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள். முதல் தடவை பாதிப் பேர் சிரித்து மழுப்பினார்கள். இரண்டாம் தடவை பொய் சொன்னார்கள். மூன்றாம் தடவை, தண்ணீர் பாட்டிலைக் காட்ட முடியுமா என்று தாளில் சேர்ந்துவிட்டது.

கழிவுநீர் எங்கே போகிறது என்பது ஆய்வகத்தின் சுற்றுச்சூழல் துறையிலேயே ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கு பேர் குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். பின்பக்கத்து ஏரிக்குப் போனது. அதைத் தடுத்துச் சுத்திகரிக்க ஒரு வருடம் ஆயிற்று. நாரைகள் வந்தன. பிள்ளைகளின் நலத்தைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதிய ஒருவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலானார். சுகாதாரத் துறையினர் மதியச் சாப்பாட்டைக் கணினி முன்னால் உட்கார்ந்து விழுங்குவதை நிறுத்திவிட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நறுமுகையின் மகள் பின்னத்தைத் தாண்டித் தசமத்துக்கு வந்திருந்தாள்.

முடிவுகளை வெளியிடும் நேரத்தில், அவற்றைச் சரிபார்க்கும் வெளி நிபுணர் குழு ஒரு தடை போட்டது. இந்த மாற்றமெல்லாம் கேள்வியால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? காரணமானி காட்டுகிறது என்றால் அது உங்கள் கையில் இருக்கும் கருவி. ஒப்பீட்டுக் குழு எங்கே?

வேறு வழியில்லை. சீட்டுக் குலுக்கினார்கள். தொண்ணூறு பேருக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வெள்ளை அட்டை. ஒரு வருடத்துக்கு அவர்களை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இந்த முறை, சம்மதமா என்று முதலில் கேட்டுக் கையெழுத்து வாங்கச் சொன்னாள் ஜெசிந்தா. விஞ்ஞானத்துக்காக எல்லோரும் போட்டார்கள். முதல் வெள்ளை அட்டை வேதமாணிக்கத்துக்கே வந்தது.

ஆறு மாதத்தில் வெள்ளை அட்டைக்காரர்கள் சிடுசிடுத்துப் போனார்கள். வேப்பமரத்தடிக்கு அவர்கள் வருவதில்லை. சிலர் வினாத்தாளைத் திருடிக் கழிப்பறை வாசலில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதாக நறுமுகைக்குப் புகார் வந்தது. அதைக் கசிவு என்று பதிவேட்டில் எழுதும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு நாள் பிற்பகல், ஜெசிந்தா கேள்வி கேட்கும் அறைக்குள் வேதமாணிக்கம் வந்தார். நறுமுகை மூலையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வெள்ளை அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னையும் ஏதாவது கேளுங்கம்மா,” என்றார்.

“கூடாதுய்யா. தப்பாகிரும். உங்க ஆய்வுதானே.”

“தெரியும்.”

அவர் எழுந்திருக்கவில்லை. நறுமுகை வாய் திறக்கப் போனாள். விதியைச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. ஆனால் ஜெசிந்தா அதற்குள் பேனாவை மூடிவிட்டாள். வினாத்தாளைக் குப்புறக் கவிழ்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

மணி மூன்றரை. வேதமாணிக்கம் ரொம்ப நேரம் யோசித்தார், சரியான பதிலைத் தேடும் மாணவனைப் போல.

“இல்லம்மா,” என்றார்.

ஜெசிந்தா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த கேள்விக்கும் போகவில்லை. எழுந்து தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். ஒப்பீட்டுக் குழு அந்த நிமிடமே கெட்டுப்போனது என்று நறுமுகைக்குத் தெரியும். அதை எழுதி வைக்க வேண்டியதும் அவள்தான். அவள் போய் மூன்று தட்டு எடுத்துவந்தாள்.