ஏ/எல் அழித்து ஏ/பி

“அந்த கீபோர்டுல கை வெச்சியா?” என்று உடன் வேலை செய்யும் சந்திரகலா அக்கா முதல் நாளே கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். எனக்குப் பேசக் கூச்சம்.

“வைக்காத. சீதாலெட்சுமி விரல்ல சீழ் வெச்சுக்கிட்டே தட்டுனா. டெட்டால் போட்டுத் தொடச்சும் வாடை போகல லா.”

அது 1992. பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் ஒரு மரண உதவிச் சங்கத்தின் அலுவலகம். இறந்த உறுப்பினர்களின் பெயர்களைக் கணினிப் பதிவேட்டில் ஏற்றுவது வேலை. எனக்கு முன் அதைத் தட்டச்சு செய்துவந்த சீதாலெட்சுமி நீரிழிவில் விரல் அழுகி இறந்த பிறகு, முதலாளி யோகநாதன் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அது பட்டியலைப் படித்து, யாரோ விசைகளை அழுத்துவதாகப் பதிவேட்டை நம்பவைக்கும். எழுத்துகள் தாமாக ஓடும், விசைகள் அசையாது.

“இவ ஒடம்பு சரியில்லன்னு எம்சி லீவு கேக்க மாட்டா,” என்று புரோகிராமைக் காட்டிச் சிரித்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு அதுவே பெரிது.

மூன்றாம் நாள் மதியம் அந்த வாடை எழுந்தது. அழுகிய பலாச்சுளைமேல் டெட்டால் ஊற்றியதுபோல்.

திரையில் ஒரு பெண்ணின் பெயர். அதையடுத்து ஏ/எல். நின்றது. எல் அழிந்தது. பி விழுந்தது.

“என்னக்கா இது?”

அக்காவின் முகம் வெளுத்தது. “அப்பா பேருக்கு முன்னால மலாய்ல மகன்னா ஏ/எல், மகள்னா ஏ/பி. சீதாதான் எல்லாப் பொம்பளைக்கும் ஏ/எல் போட்டு அப்புறம் அழிப்பா. பட்டியல்ல சரியாத்தானே இருக்கு?”

சரியாகத்தான் இருந்தது.

விசைகள் அசைந்தன.

ஒவ்வொன்றும் தாழ்ந்து எழும்போது மஞ்சளாய் நூல் இழுத்தது. இடுக்குகளில் ஈரத் தோல் துணுக்குகள்.

அடுத்த பெயர் பட்டியலில் இல்லாதது. என்னுடையது.

மாரியாயி ஏ/எல்.

எல் அழிந்தது.

“எண்டர் விழுந்தா நீ செத்தவங்க கணக்குல ஏறிடுவ,” அக்கா கிசுகிசுத்தார். “எஸ்கேப்ப அமுக்குடி!”

பி விழுந்தது. அடுத்து என் அப்பா பெயர், நாகையா.

எஸ்கேப் விசையில் விரலை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பழுத்த புண்ணுக்குள் இறங்குவதுபோல் விரல் இறங்கியது. அடியிலிருந்து ஏதோ அதைக் கவ்வி, மெல்லச் சப்பியது.

திரை வெறுமையானது. பிளக்கைப் பிடுங்கினேன்.

“போயிடுச்சுக்கா,” என்றேன்.

அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறும் மேசைப் பலகையில் என் விரல்கள் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

நான் தட்டவில்லை.

நகக்கண்ணில் மஞ்சளாய் ஒரு துளி கசிந்தது.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.