கறுப்பு டாட்ஜின் பின் சீட்

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் ஷிபா அப்போதுதான் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டு போயிருந்தாள். இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எடுத்தாள்.

மறுமுனையில் ஏட்டு ஐயப்பன்.

"மேடம்... வீட்டுல டிவி ஓடுதா?"

"இதக் கேக்கவா ஏட்டையா ஞாயித்துக்கிழமை காலத்த போன் போடுதிய?"

"லோக்கல் கேபிள் சேனலப் போடுங்க. பொணம் காட்டுதாவ."

ரிமோட்டை எடுத்து அழுத்தினாள்.

திரையில் ஒரு நீளமான இருட்டு ஷெட். வரிசையாகப் பழைய கார்கள். ஒவ்வொன்றின் மேலும் போர்வை போர்த்தியது போலத் தூசி. கேமரா தள்ளாடியது. யாரோ ஓங்கரிக்கும் சத்தம். கேமராவின் லைட் ஒரு கறுப்பு டாட்ஜ் காரின் பின் சீட்டில் போய் நின்றது.

அங்கே ஓர் ஆள் சாய்ந்து கிடந்தான்.

வேட்டி. பனியன். திறந்த கண்கள்... நெற்றியில் உறைந்த ரத்தம்.

"எங்க இது?"

"கீரிப்பாறைக்கு மேல மேடம். வைகுண்டராஜன் எஸ்டேட்டு."

"நான் வாறேன். ஒருத்தரையும் உள்ள விடாதீங்க."

"ஊரே டிவி வழியா உள்ள போயாச்சு மேடம்."

*

ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த ஷெட். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்திய இடம். கருங்கல் சுவர். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு.

வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்று கொண்டிருந்தான் வினோஜ். எஸ்டேட் முதலாளி வைகுண்டராஜனின் ஒரே மகன். கத்தாரில் வேலை. அப்பா போன மழைக்காலத்தில் இறந்து போக, சொத்தைப் பார்க்க வந்தவன் திரும்பிப் போகவில்லை.

"சாவி யார்கிட்ட?" என்றாள் ஷிபா.

"எனக்கிட்டதான் மேடம். ஒரே ஒரு சாவி. அப்பாக்க பீரோவுல இருந்து."

"இதுக்கு முன்ன எப்ப திறந்தது?"

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து தொறந்ததே இல்ல. அப்பா பழைய காரா வாங்குவாரு. உள்ள விட்டுப் பூட்டுவாரு. ஒருத்தருக்கும் காட்ட மாட்டாரு. டாட்ஜ், பிளிமத், மாரிஸ் மைனர்... எல்லாம் இருவத்தஞ்சு வருசமா வெளிச்சமே காணாத வண்டிய. அதான் ஊரறியத் தொறக்கலாம்னு டிவிக்காரங்களக் கூப்பிட்டேன்."

"ஏன் ஊரறிய?"



"கொச்சியில ஒரு பெரிய முதலாளி இருக்காரு. பழைய கார் சேக்கிறவரு. கதவு தொறக்கிறதப் படம் புடிச்சு சிடியில அனுப்பச் சொன்னாரு. பாத்துட்டு மொத்தமா எடுத்துக்கிடுவாராம்."

"செத்தவன் யாரு?"

"தெரியாது மேடம். நான் பாத்ததே இல்ல."

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. ஷிபா அதைக் கவனித்துக் கொண்டாள்.

டிவி கேமராமேன் எடுத்த படத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். கதவு திறக்கிறது. தரை முழுக்கத் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. கால் நூற்றாண்டு பூட்டிக் கிடந்த இடம். உள்ளே ஒரு பிணம். அதுவும் இரண்டு நாள் பழசு.

ஏட்டு ஐயப்பன் தலையைச் சொறிந்தார்.

"காலே வைக்காம எப்பிடி மேடம் உள்ள போனான்? பறந்தா போனான்?"

ஷிபா உள்ளே நடந்தாள். மாரிஸ் மைனரின் கதவைத் திறந்தாள். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தாள். அடுத்து பிளிமத். அதற்கடுத்து ஒரு ஃபியட். கடைசியில் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள்.

"ஏட்டையா, உங்க வீட்டுப் பரண்ல தூசி இருக்குமா?"

"இருக்கும் மேடம்."

"வேற என்ன இருக்கும்?"

"எலிப் புழுக்க... எட்டுக்காலி வல... குளவிக்கூடு. எனக்க பொண்டாட்டி அதுக்குத் தெனம் என்னைத்தான் ஏசுவா."

"இங்க ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

ஐயப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு நூலாம்படைகூட இல்லை.

ஷிபா பானெட்டின் மேல் விரலை ஓட்டி மூக்கருகே வைத்துக்கொண்டாள். விறகுச் சாம்பல் வாடை.

"தூசிய வெளியேர்ந்து கொண்டாந்திரலாம் ஏட்டையா. எட்டுக்காலிய சம்பளத்துக்கு வைக்க முடியாது."

வெளியே வந்தபோது ஒருவர் இளநீரை நீட்டினார். கனத்த உடம்பு, பணிவான குரல்.

"கோலப்பன், மேடம். வினோஜுக்க அக்காவக் கெட்டியிருக்கேன். இங்க ரப்பர் பால் வெட்டு, ஷீட்டு அடிக்கிறது எல்லாம் நான்தான் பாக்குதேன்."

"ஷெட்டுக்குள்ள போயிருக்கியளா?"

"மாமா இருந்த காலத்துல அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியாது. எனக்கு ரப்பர் தெரியும். இந்தக் காரு சோலி ஒண்ணும் தெரியாது. செத்தவனையும் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாது மேடம்... மச்சினன்தான். ஆனாலும் சாவி அவன் கையில மட்டுந்தானே இருந்து..."

சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்ன மனிதரை ஷிபா ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

இளநீர் குடிக்கவில்லை.

*

சாயங்காலத்துக்குள் பிணத்துக்குப் பெயர் கிடைத்தது.

மரியஜான். குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். பழைய கார்களை வாங்கி விற்கும் புரோக்கர். டிவியில் பார்த்த அவன் மனைவி வியாகுலம்மாள் அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலுக்கு ஓடி வந்திருந்தாள். அழுது முடித்த கண்கள். ஷிபா அவளை மரத்தடிப் பெஞ்சில் உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"கடைசியா எப்ப பாத்திய?"

"வெள்ளிக்கெழம காலத்த. புதுப் பச்சச் சட்ட போட்டுட்டுக் கெளம்பினாரு. எங்கன்னு கேட்டேன். குமரியக் கெழவியாக்குற சோலின்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. எனக்கு வேற நெனப்பு வந்து... ரெண்டு வார்த்த கூடுதலா பேசிட்டேன் மேடம். அதோட எனக்க போனையும் எடுக்கல. கோவத்துல இருக்காருன்னு நெனச்சேன்."

ஷிபாவுக்குச் சட்டென்று விளங்கியது. அவன் சொன்ன குமரிக்கு நான்கு சக்கரம்.

"வேற பொம்பள இல்லம்மா. அவரு காரத்தான் சொல்லியிருக்காரு."

வியாகுலம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்.

"மாத்திர போடலியா மேடம் அவரு? நெஞ்சு வலிக்காரராக்கும். நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திர எப்பவும் சட்டப் பையில இருக்கும். நாந்தான் வச்சு விடுவேன்."

ஷிபா எழுந்து நின்றாள்.

ஷெட்டில் சட்டையே கிடைக்கவில்லை.

*

மறுநாள் மதியம். எஸ்டேட் பங்களா.

வினோஜை விசாரிக்க உட்காரும்போது ஷிபாவின் செல்போன் அடித்தது. ஜன்னலோரம் போய்க் கேட்டாள்.

"சரி டாக்டர்... அப்படியா... நெத்திக் காயம்? சரி. ரிப்போர்ட்ட கையோட அனுப்புங்க."

திரும்பி வந்து வினோஜுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் முகம் ஒரே நாளில் கறுத்துப் போயிருந்தது.

"ரொம்ப லேசான கேஸ் தம்பி. ஷெட்டு இருவத்தஞ்சு வருசமா பூட்டிக் கெடந்துன்னு நீங்களே டிவியில சொன்னிய. சாவி உங்க கையில மட்டும். வெள்ளிக்கிழமை செத்தவன் உள்ள கெடக்கான். வேற ஒருத்தரும் உள்ள போவ வழியில்ல. அப்ப கொன்னது யாரு?"

"சத்தியமா நான் இல்ல மேடம்."

"அப்படின்னா சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வேற யார் உள்ள இருந்தா?"

வினோஜ் உதட்டைக் கடித்தான்.

உண்மையைச் சொன்னால் கார் வியாபாரம் போச்சு. சொல்லாவிட்டால் கழுத்து போச்சு.

கழுத்து ஜெயித்தது.

"அந்தக் கார் ஒண்ணும் அப்பா வாங்கினது இல்ல மேடம். அந்த ஷெட்டுல ஒடஞ்ச ரோலரும் நாலு டிரம்மும்தான் கெடந்து. மரியஜான்தான் ஐடியா குடுத்தான். ஷெட்ட ஒட்டடை அடிச்சு, மதுரை, கோயமுத்தூர்னு அலஞ்சு காயலான் கடைக் காரா வாங்கி, பெயின்ட் அடிச்சு, ராத்திரி ராத்திரியா லாரியில கொண்டாந்து உள்ள எறக்கினோம். பூட்டியே கெடந்த கார்னா கொச்சிக்காரரு கண்ண மூடிட்டு எடுப்பாராம்."

"தூசி?"

"வெறகுச் சாம்பலும் சலிச்ச செம்மண்ணும். டேபிள் ஃபேன் முன்னால கொட்டினோம். உள்ளேர்ந்து தொடங்கி வாசல் வரைக்கும் தூவிட்டே பின்னால நடந்து வந்தா காலடி விழாது."

"செய்தது யாரெல்லாம்?"

"மரியஜான்... நான்... அத்தான்."

"எந்த அத்தான்?"

"கோலப்பன் அத்தான். வெள்ளிக்கெழம மத்தியானம் நான் டிவிக்காரங்களப் பாக்க வடசேரிக்குப் போயிட்டேன். சாவிய அத்தான்கிட்டதான் குடுத்தேன். மரியஜான் வேல முடிஞ்சு பஸ்ஸுல போயிட்டான்னு அத்தான் சாவியத் திருப்பித் தந்தாரு. பெறகு ஞாயித்துக்கெழம நான் கதவத் தொறக்கேன், அவன் உள்ள கெடக்கான். நான் என்ன செய்ய மேடம்? அவனத் தெரியும்னு சொன்னா எல்லாம் வெளிய வந்திரும்லா?"

"உங்கக்கா பேருக்கு இந்த எஸ்டேட்ல பங்கு உண்டா?"

"இல்ல. அப்பா எல்லாத்தையும் எனக்குத்தான் எழுதினாரு. எனக்குக் கல்யாணம் ஆவல... எனக்கு ஒண்ணுன்னா அக்காதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

ஷிபா அவனுக்கு யோசிக்க நேரம் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

*

கோலப்பன் வராந்தாவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க மச்சினன் உங்களயும் இழுக்காரு. நீங்களும் ஷெட்டுல நின்னியளாம்."

"பாத்தியளா மேடம்? மாட்டினதும் என்னையும் சேத்து இழுக்கான். நான்தான் நேத்தே சொன்னேனே. அந்த ஷெட்ட நான் எட்டிப் பாத்தது கிடையாது. மரியஜானோ யாரோ... அவன் மொகத்த டிவியிலதான் மொதல்ல கண்டேன்."

"அப்ப விடுங்க. எப்படியும் இது கொலைக் கேஸ் இல்ல."

கோலப்பனின் புருவம் உயர்ந்தது.

"இல்லியா?"

"டாக்டர் இப்பதான் போன் பண்ணினாரு. ஹார்ட் அட்டாக். நெத்தியில உள்ளது கார் கதவுல முட்டின காயம். ஒருத்தரும் அடிக்கல."

கோலப்பன் முகத்தில் ஏமாற்றமும் நிம்மதியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. கடைசியில் நிம்மதி முன்னால் வந்து நின்றது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாவம் மேடம். விதி. நல்ல வேள, வினோஜ் தப்பிச்சான்."

"எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. நெஞ்சு வலிக்காரன். மாத்திர இல்லாம வீட்ட விட்டு எறங்க மாட்டானாம். நாங்க தேடினப்ப மாத்திர இல்ல. ஒருவேள வீட்டுலயே மறந்திட்டானோ என்னமோ. ஃபைல முடிக்கணும், அதான் பாக்கேன்."

ஃபைல் முடியும் என்றதும் கோலப்பனுக்கு உதவும் குணம் பொங்கியது.

"சோலி செய்றவன் சட்டையப் போட்டுட்டா செய்வான் மேடம்? கழத்தி எங்கயாவது வச்சிருப்பான். பச்சச் சட்டைதானே, அந்த ரப்பர் எலைக்குள்ள கெடந்தா உங்க ஆளுவளுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது."

ஷிபா நோட்டை மூடினாள்.

"என்ன கலர்னு சொன்னிய?"

சாய்ந்திருந்த கோலப்பன் மறுபடி நாற்காலி நுனிக்கு வந்தார்.

"டிவியில அவன் பனியனோட கெடந்தான் கோலப்பன். சட்ட எங்களுக்குக் கிடைக்கவே இல்ல. கலர் தெரிஞ்சது அவன் பொண்டாட்டிக்கும் எனக்கும் மட்டும்தான். மூணாவது ஆளு, அவன் சட்டையக் கழத்துறப்ப பக்கத்துல நின்னவன்."

கோலப்பன் எழுந்து படியில் இறங்கப் பார்த்தார். படியில் ஐயப்பன் நின்றிருந்தார்.

"இருங்க அண்ணாச்சி. இளநி குடிச்சிட்டுப் போலாம்."

கோலப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். பணிவான குரல் இப்போது வேறு விதமாக வந்தது.

"தூசி அடிச்சி அவனுக்கு மூச்சு முட்டிச்சு. நெஞ்சப் புடிச்சிட்டு கார்ல போயி விழுந்தான். தலைய முட்டிக்கிட்டான். சட்ட, சட்டன்னு கையக் காட்டினான். ஷெட்டுக் கதவுக் கொக்கியில தொங்கிச்சு. எடுத்தேன்... குடுக்கத்தான் எடுத்தேன். அப்பதான் மனசுக்குள்ள வந்து. இவன் இப்பிடியே கெடந்தா, சாவி வினோஜுக்க கையில... இத்தன வருசம் இந்த ரப்பர் மரத்துக்குப் பாடுபட்டது நான் மேடம். எழுதி வச்சது அவனுக்கு."

"அதனால?"

"சட்டையோட வெளிய வந்தேன். மிச்சத் தூசியத் தூவினேன். பூட்டினேன்."

"அவன் கூப்பிட்டானா?"



"கூப்பிட்டான்."

"பூட்டின பெறகுமா?"

கோலப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சட்ட எங்க?"

"ஷீட்டு அடிக்கிற இடத்துல கழிவுத் தண்ணி விடுற குழியில..."

ஐயப்பன் போலீஸ்காரர் ஒருவரை அந்தப் பக்கம் விரட்டினார்.

உள்ளேயிருந்து வினோஜ் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தான். அத்தானைப் பார்க்கப் பிடிக்காமல் ஷிபாவைப் பார்த்தான்.

"அப்ப... என்னைய விட்ருவியளா மேடம்?"

"கொலைக் கேஸ்லேர்ந்து விட்டாச்சு."

"ரொம்ப நன்றி மே..."

"ஏமாத்துக் கேஸ்ல சேத்தாச்சு. நியூஸ் கேட்டுக் கொச்சிக்காரரு நேத்தே போன் போட்டுட்டாரு, அட்வான்ஸ் குடுத்திருக்காராம். செருப்ப மாட்டுங்க, கெளம்பலாம்."

கோலப்பன் நிமிர்ந்தார். கடைசியாக ஒன்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்னு நானும் நெனச்சேன் மேடம். எதுல கொண்டு போவேன்? அத்தன கார் நிக்கு... ஒண்ணுலயும் இன்ஜின் இல்ல."

ஷிபா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசலில் நசுங்கிய பம்பரோடு நின்ற போலீஸ் ஜீப்பைக் காட்டினாள்.

"அதுவும் பழைய வண்டிதான். தூசியும் ஒரிஜினல்தான். ஆனா ஓடும், ஏறுங்க."