செத்த வயர்

கடைசி விளக்குதான் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக எரிந்தது. அப்படி எரியக்கூடாது.

ஐந்து வோல்ட் அடாப்டரிலிருந்து கிளம்பும் மின்சாரம் தூரம் போகப் போகச் சோர்ந்துவிடும்; பக்கத்து விளக்கு வெள்ளையாகவும் கோடியில் இருப்பது சிவந்து மங்கியும் எரியும். வீட்டிலேயே வீடியோ கேம் பெட்டி செய்கிற எவனைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வான். டேல் நீமி நேற்றுவரை அந்த மங்கலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இப்போது கோடி விளக்கு கண்ணைக் கூசவைத்தது, அடாப்டர் பக்கத்தில் இருந்ததோ மங்கிக் கிடந்தது.

நிலவறையில் மரத்தூளும் ஈயப்புகையும் வீட்டைச் சூடாக்கும் உலையின் எண்ணெய் வாடையும் கலந்திருந்தன. சன்னலின் பாதிவரை பனி ஏறியிருந்தது. மதியம் மூன்றரைக்கே டுலூத் நகரம் இருட்டத் தொடங்கிவிட்டது. நாளை அவன் மனைவி மார்லிஸுக்கு ஐம்பத்திரண்டு முடிகிறது. பௌலிங் கூடத்து மூலையில் காசு போட்டு ஆடுகிற இதே மாதிரிப் பெட்டியில்தான், பத்தொன்பது வயதில், அவள் அவனைத் தோற்கடித்து எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த ப்ளைவுட், பொத்தான்கள், அவள் பெயர் எழுதிய கண்ணாடிப் பலகை எல்லாம். அவள் நிமோனியாவில் கிடந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. அவள் போய்விடுவாள் என்று பயந்த பயம் அவனை இன்னும் விடவில்லை.

கோடி விளக்குக்கு நேராக மின்சாரம் கொண்டுபோகத் தனி வயர் இழுக்கலாமென்றால், காலையில் வயர் தீர்ந்துபோயிருந்தது. சாலையைப் பனி மூடியிருந்ததால் கடைக்கும் போக முடியவில்லை. உத்தரத்திலிருந்து துணி சுற்றிய பழைய இரட்டை வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முன்பு இங்கே குடியிருந்தவர்கள் படுக்கையறையிலிருந்து ஆளைக் கூப்பிடப் போட்ட மணியின் வயர். இழுத்தான். கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. அங்கேயே வெட்டியிருக்க வேண்டும். மின்சாரம் ஓடாத செத்த வயர்தானே என்று நுனியை அடாப்டரோடு முறுக்கி, நடுவில் தோலைச் சீவிக் கடைசி விளக்கில் சேர்த்து, மிச்சத்தைச் சுவருக்குள் போகிறபடியே விட்டுவிட்டான். வெறும் சோம்பேறித்தனம். விளக்குகள் பளிச்சென்று எரிந்ததும் குஷியில், ஏற்கெனவே இருந்த ஒன்றோடு, பக்கவாட்டிலும் அடியிலும் இன்னும் மூன்று விளக்குப் பட்டை ஒட்டினான்.

"டேல்!" மேலேயிருந்து மார்லிஸ் கூப்பிட்டாள். "அங்க என்னத்தக் கட்டுற, கப்பலா?"

"ஆமா. உன்னை ஏத்தி அனுப்பத்தான்."

அவள் சிரிக்கவில்லை. "பக்கத்து வீட்டு பெவர்லி குடுத்த சூப்பு அப்படியே ஆறிக் கெடக்கு. கரண்டியத் தூக்க முடியல டேல். காலைல நல்லாத்தானே இருந்தேன்?"

"படு கொஞ்ச நேரம். தெம்பு வர நாளாகும்னு டாக்டர் சொன்னார்ல. இதோ வந்துடறேன்."

மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அடாப்டர் முடிச்சில் வைத்தான். 4.7 வோல்ட். கடைசி விளக்கில் 5.3. வயர் சுவருக்குள் நுழையும் இடத்தில், துணி இற்றுச் செம்பு தெரிந்த இடத்தில், 5.9.

அடாப்டரைப் பிடுங்கினான். விளக்குகள் அணையவில்லை.

வீட்டு மின்சாரம் எங்கேயாவது உரசிக்கொண்டிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மெயினை இறக்கினான். உலை முனகி நின்றது. மேலே குளிர்ப்பெட்டி நின்றது. அதுவரை காதில் விழாமலே இருந்த எல்லாச் சத்தமும் ஒன்றாக அடங்கியபோதுதான் வீடு இவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தோன்றியது. இருட்டில் பெட்டி மட்டும் மார்லிஸின் பெயரோடு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

புறப்படும் இடத்தில்தான் வோல்ட் அதிகம் இருக்கும். முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடி, பிறகு வெட்டு. இத்தனை வருடமும் அப்படித்தான் செய்து பழக்கம். கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி, வயர் போகும் வழியே போனான். படிக்கட்டின் அடியில் 6.4. சமையலறை அலமாரிக்குப் பின்னால், எலிப் புழுக்கைக்கும் பழைய மாவு வாடைக்கும் நடுவே, 7.1. மாடி நடையில், தரையோரச் சட்டத்தின் இடுக்கில், 8.2.

வயர் படுக்கையறைக் கதவின் கீழே நுழைந்தது.

"மார்லி?"

கதவைத் தள்ளினான். அறையில் மருந்து வாடை. கூடவே சூடேறிய செம்பின் வாடை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வயர் கட்டில் காலில் ஏறியது. போர்வைக்குள் போனது.

போர்வை ஓரத்தில், செம்பு தெரிந்த இடத்தில், மீட்டரை வைத்தான். 8.8. பார்க்கப் பார்க்க இறங்கியது. 8.1. 7.3.

போர்வையை விலக்கினான்.

இரண்டு செம்புக் கம்பிகளும் அவள் உள்ளங்கைக்குள் போயிருந்தன. ரத்தமில்லை. வேலிக்கம்பியை மரப்பட்டை விழுங்குகிற மாதிரி, தோல் அவற்றைச் சுற்றி வளர்ந்திருந்தது. எத்தனை பட்டை ஒட்டினோம் என்று மனம் தானாக எண்ணியது. நாலு. நான்தான். ஒவ்வொன்றையும் நான்தான்.

5.0. 3.6.

"மார்லி, எந்திரி. எந்திரிடி!"

2.2.

வெட்டினான்.

உள்ளங்கையில் எஞ்சியிருந்த இரண்டு முனைகளும் மெல்ல உள்ளே போயின. தோல் மூடிக்கொண்டது. அவள் நெஞ்சில் காதை வைத்தான். காத்திருந்தான். எதுவும் இல்லை. அவளை உலுக்கினான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அப்போது கீழே, பெட்டியில், ஒரு பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது.

இன்னொன்று. இன்னொன்று. வரிசையாக.

"டேல்?"

நிலவறையிலிருந்து. அவள் குரல்தான். களைப்பே இல்லாத குரல்.

"டேல், இங்க எல்லாம் ஒரே வெளிச்சமா இருக்கு. மேல உன்கிட்டத் திரும்பி வந்துட்டிருந்தேன், பாதி வழியில பாதை அறுந்துபோச்சு." பொத்தான்கள் மறுபடி இடமிருந்து வலமாக அமுங்கின, இந்தத் தடவை வேகமாக. "டேல், கதவு எங்க இருக்கு?"

அவன் முழங்காலிட்டு, வெட்டுப்பட்ட வயரின் நுனியை அவளுடைய மூடிய உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். அழுத்தினான். செம்பு வளைந்தது, தோல் வழிவிடவில்லை. கீழே இப்போது எல்லாப் பொத்தான்களும் ஒரே நேரத்தில் அமுங்கிக்கொண்டிருந்தன.