கொழுப்புக் காகிதம்

ஆலைக்காரர் டாப்னியின் நெஞ்சிலிருந்து தோண்டியெடுத்த ஈயக்குண்டு, துணைக் காவலன் ஏசாவின் உள்ளங்கையில் இன்னும் பிசுபிசுத்தது. பிணத்துக்கு எதிரே, சுட்டவன் நின்ற வேலியோரம் கிடந்த கசங்கிய காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஆர்ஃபாவின் வீட்டுக்கு ஓடிவந்திருந்தான்.

"அக்கா, கொன்னவன் லைனஸ்தான்னு ஊர்க்காரங்க அவன் கழுத்துல கயிறு மாட்டிட்டாங்க! மத்த குண்டுல சுத்திவர வரிப்பள்ளம் இருக்கும், இதுல ஒரு வரி கிடையாது, வழவழன்னு இருக்கு. என்ஃபீல்ட் குண்டு. ஊருல அந்தத் துப்பாக்கி அவன்கிட்டதான் இருக்கு. அவன் சுட்டதைப் பாத்தேன்னு வோஸ் சத்தியம் பண்றான்."

"துப்பாக்கியை எங்க வெப்பான்?"

"தொழுவத்துல, தோட்டாப் பையோட. பூட்டு கிடையாது."

ஆர்ஃபா போர்க்காலத்தில் ரிச்மண்டில், தெற்கத்திப் படைக்காக மருந்தையும் குண்டையும் காகிதத்தில் வைத்துத் தோட்டா சுருட்டியவள். வெடிமருந்து அவளுடைய மூன்று விரல்களைத் தின்றிருந்தது. மீதி விரல்களால் காகிதத்தை நீவினாள். ஒரு நுனி கடிபட்டிருந்தது. குண்டைச் சுற்றியிருந்த மறுபாதியில், அது குழாயில் வழுக்கி இறங்கப் பூசும் கொழுப்பு கலையாமல் இருந்தது.

"குண்டு சரிதான் தம்பி. ஆளுதான் தப்பு."

அடுப்பங்கரைக்குப் போனவள் இரண்டு தோட்டாக்களோடு திரும்பினாள். விரல்கள் கறுத்திருந்தன.

ஓக் மரத்தடியில் லைனஸின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்தது. கயிற்றின் மறுமுனை வோஸின் கையில்.

"என்னடா வோஸ், கயிறு இழுக்கத்தான் தெரியுமா? துப்பாக்கி கெட்டிக்கவும் தெரியுமா?" என்றாள் ஆர்ஃபா.

கூட்டம் சிரித்தது. தொழுவத்திலிருந்து ஏசா எடுத்துவந்திருந்த லைனஸின் என்ஃபீல்டை வோஸ் பிடுங்கினான். ஆர்ஃபா நீட்டிய தோட்டாவைக் கடித்து மருந்தைக் குழாயில் கொட்டினான், காகிதத்திலிருந்து குண்டைப் பிதுக்கிப் போட்டுக் கெட்டித்தான், காகிதத்தை வீசினான். பொறி கிளப்பும் கேப்பும் வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான்.

"லைனஸ், இப்ப நீ."

கட்டவிழ்த்த கைகளில் இன்னொரு தோட்டாவை வாங்கிய லைனஸ், துப்பாக்கி வோஸின் கையிலேயே இருந்ததால், கடித்து மருந்தைத் தரையில் கொட்டினான். தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பினான்.

"இப்படியே காகிதத்தோட சொருகணும். இல்லேன்னா குண்டு லொடலொடன்னு ஆடும்." மருந்து இருந்த காலி வால் காகிதத்தை மட்டும் கிள்ளி எறிந்தான்.

"என்ஃபீல்டுல பழகின கை கொழுப்புக் காகிதத்தைக் கீழ போடாது. அது குண்டோட உள்ள போயிடும்," என்றாள் ஆர்ஃபா. "வடக்கத்திப் படையிலதான் பிதுக்கிட்டு வீசுவாங்க. வேலியோரம் கிடந்தது கொழுப்போட முழுக் காகிதம். இந்தப் பள்ளத்தாக்குல வடக்குக்காகச் சண்டை போட்டவன் நீ ஒருத்தன்தான், வோஸ். டாப்னி ஆலையை உனக்கு விக்கமாட்டேன்னாரு, இல்ல?"

வோஸ் துப்பாக்கியை அவள் முகத்துக்கு நேரே தூக்கி விசையை இழுத்தான். ஏசா கத்தினான். கேப் மட்டும் பட்டென்று வெடித்தது.

"நான் சுருட்டினது மருந்தில்ல, கரித்தூள்டா, மடையா," என்றாள் ஆர்ஃபா.

கூட்டம் வோஸ் மேல் பாய்ந்தது. ஒருவனின் தாடையைப் பெயர்த்த பிறகுதான் ஏசாவால் வோஸை உயிரோடு வெளியே இழுக்க முடிந்தது. "கயிறைக் குடு! கயிறைக் குடு!" என்று ஊரே கத்தியது.

லைனஸ் தன் கழுத்திலிருந்து சுருக்கைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இது எனக்கு அளவெடுத்தது. வேற எவனுக்கும் தரமாட்டேன்."