மதிப்புரைகளில் வந்த ராக்காயி

ஞாயிறு பதிப்பில் முழுப்பக்கத்துக்கு வந்திருந்த மதிப்புரையில், மாதுமை எழுதவே எழுதாத ஒரு காட்சியைத்தான் விமர்சகர் அதிகமாக மெச்சியிருந்தார்.

‘கடைசி நிரை’ அவளுடைய முதல் நாவல். அதில், இன்றிலிருந்து நூறு வருடம் கழித்து மலேசியாவின் பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் மறுபடியும் திறக்கின்றன. இந்த முறை கம்பெனி மரங்களை நடுவதில்லை, மனிதர்களை நிரை நிரையாக நிறுத்திப் பால் வெட்டுகிறது. முதல் அத்தியாயத்தில் ராக்காயி என்ற பெண்ணை வீட்டிலிருந்து கூட்டிப் போகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது, அத்தோடு சரி. அதற்குமேல் அவளுக்கு என்ன ஆனது என்று எழுத மாதுமைக்குத் தைரியம் வரவில்லை. கேட்டவர்களிடம் அதை உத்தி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

விமர்சகரோ, ராக்காயியின் இடது முழங்கைக்குக் கீழே முதல் வெட்டு சரிவாக இறங்கும் இடத்தை வாசித்தபோது தன் கையே கூசியது என்று எழுதியிருந்தார். தோல் சுருள்வது, ரத்தம் வராமல் வெள்ளையாகக் கசிவது, எல்லாம் விலாவாரியாக இருந்தன. மாதுமை புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு வரி இல்லை. மனிதர் வேறெதையோ படித்துவிட்டுக் குழப்பிக்கொண்டார் போலும். ஆனால் முழுப்பக்கம், வண்ணப் படத்தோடு! பக்கத்தைப் படம் பிடித்து, ‘இத்தனை நுட்பமாக வாசித்தவருக்கு நன்றி’ என்று முகநூலில் போட்டாள். பாராட்டு மளமளவென்று குவிந்தது.

மறுநாள் வீடு துடைக்க வந்த ராக்காயி இடது கையில் துணி சுற்றியிருந்தாள்.

ஆமாம், அதே பெயர்தான். புந்தோங் அடுக்குமாடியிலிருந்து பழைய மோட்டார் சைக்கிளில் வந்து மாதுமையின் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறவள். கோப்பெங் பக்கத்துத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்வரை அங்கே பால் வெட்டியவள். மாதுமையின் தாத்தாவும் தோட்டத்தில்தான் இருந்தார், ஆனால் கிராணியாக. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஆள் கணக்கு எழுதிய குடும்பம். அந்தக் குடும்பத்துப் பேத்திக்கு வெட்டுக்காட்டைப் பற்றி என்ன தெரியும்? பாத்திரம் கழுவிக்கொண்டே ராக்காயி பேசியதுதான் அவளுக்குத் தெரியும். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தாள். வேறெந்தப் பெயரை வைத்தாலும் அந்தப் பெண் பக்கத்தைவிட்டு எழுந்து நடக்க மறுத்தாள். அப்படியே அச்சுக்குப் போய்விட்டது. ராக்காயியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வரும் நாட்களில் புத்தகப் பிரதிகளை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

“கையில என்னக்கா?”

“தெரியல தங்கச்சி. எந்திரிச்சுப் பாத்தா கீறியிருக்கு. வலிக்கல, ஒரு சூசாவும் இல்ல, தொந்தரவும் இல்ல லா.”

துணியின் ஓரம் நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. சிவப்பாக இல்லை. மருந்து தடவியிருப்பாள் என்று மாதுமை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறைக்குள் போனாள்.

அடுத்த வாரம் தனேஷ் என்ற பையன் யூடியூபில் நாவலைப் பற்றிப் பேசினான். பேச்சோடு பேச்சாக, ராக்காயியின் ஒரு கண் பால் படர்ந்து வெளுத்துப்போகும் இடம் அற்புதம் என்றான். அன்றைக்கு ராக்காயி வாளியில் இடித்துக்கொண்டாள், கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். வெளிச்சத்தில் திரும்பியபோது மாதுமை பார்த்தாள்: வலது கண்ணில் கருவிழியே இல்லை, வேக வைத்த முட்டை போல இருந்தது. குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு தனேஷுக்குச் செய்தி அனுப்பினாள். ‘தம்பி, அந்தக் காட்சி என் நாவலில் இல்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.’ அவன் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை வெட்டிவிட்டான். அடுத்த முறை வந்த ராக்காயிக்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன.

ஆக, நிறுத்த முடியும். ‘அது என் நாவலில் இல்லை’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது தெரிந்த பிறகுதான் மாதுமை ஒரு கெட்ட காரியம் செய்தாள்: ஞாயிறு பதிப்புக்காரருக்கு அவள் எழுதவில்லை. அந்த மதிப்புரையைப் படித்துவிட்டுத்தான் சிங்கப்பூரில் ஒரு பரிசுக்கு அவள் நாவலை இறுதிச்சுற்றுக்கு எடுத்திருந்தார்கள். மெச்சிய இடமே புத்தகத்தில் இல்லை என்றால் விமர்சகர் ஊர் சிரிக்கும்படி ஆவார். பரிசும் போய்விடும். கீறல்தானே, ஆறிவிடும் என்று நினைத்தாள். நினைத்தது அவளுக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தாள்.

பிறகு கனகராஜ் ஐயா பேசினார். பத்து காஜா ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பரிசின் நடுவர்களில் ஒருவர். வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட குரல் பதிவை வேலைவிட்டு வரும் வழியில், வாகன நெரிசலில், சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் மழை திரண்டு வருவதைப் பார்த்தபடி மாதுமை கேட்டாள். “தோலு பட்டையா மாறுது பாருங்க, அந்த நாலு பக்கம்… அடடா! நம்ம மண்ணுல இப்படி ஒரு எழுத்தா!” அந்தக் குரலின் நடுக்கம் அவளுக்கு இனித்தது. இனித்ததே என்று உடனே பதிவைப் பாதியில் நிறுத்தினாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோதே வாடை அடித்தது. தாத்தாவின் பழைய தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் காரின் கண்ணாடியை ஏற்றச் சொல்லி அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாளே, அந்த வாடை. புளித்து, நாள்பட்டு, துணியில் ஏறினால் இறங்காத ஒட்டுப்பால் வாடை, உறைந்து காய்ந்த ரப்பர்ப் பாலின் வாடை. ராக்காயி கூடத்தில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். கீறல் ஆறியிருக்கவில்லை. கைகள் சாம்பல் நிறத்தில் வெடித்திருந்தன. அவள் முழங்கால் தரையில் உரசும் ஒவ்வொரு முறையும், காய்ந்த மரத்தை இழுக்கிற சத்தம் வந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கக்கா.”

“எதுக்கு? வலிக்கலையே.” ராக்காயி நிமிர்ந்து அவளையே பார்த்தாள். “தங்கச்சி, என்னைப் பத்தி யாராச்சும் பேசிக்கிட்டே இருக்காங்களா? காதுல வந்து விழுது.”

மாதுமை இல்லை என்றாள். பொய் சுலபமாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் வாசகர் சந்திப்பு நடந்தது. காரில் போகும்போதே சொல்ல வேண்டியதை மாதுமை வாய்விட்டு ஒத்திகை பார்த்தாள். ‘நீங்கள் பாராட்டிய எதையும் நான் எழுதவில்லை. அந்தப் பெயர்கூட என்னுடையதில்லை, கேட்காமல் எடுத்தேன்.’ பரிசு போனால் போகட்டும். ராக்காயி அக்காவைக் கொடுத்து வாங்கும் பெயர் வேண்டாம். நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

மாடியில் நிறைய பேர் இருந்தார்கள். எல்லார் மடியிலும் அவள் புத்தகம். சரளா என்ற கல்லூரி மாணவி மைக்கைப் பிடித்ததுமே அழுதுவிட்டாள்.

“கழுத்துக்குக் கீழ கம்பி சுத்தி, பால் வடியிற மங்கு, அந்தக் கிண்ணத்த மாட்டுறாங்கல்ல… அப்ப அவ சிரிக்கிறா. எனக்குத் தூக்கமே வரல லா அக்கா.”

தலைகள் ஆடின. எல்லாத் தலைகளும். எல்லாரும் அதைப் படித்திருந்தார்கள். மாதுமை எழுந்து நின்றாள். மின்விசிறி டக் டக்கென்று சுற்றியது. வாயைத் திறந்தாள்.

கனகராஜ் ஐயா முந்திக்கொண்டார். “ஒன்னே ஒன்னு கேட்டுக்கிறேன்மா. கடைசில ராக்காயி செத்துட்டாளா, இருக்காளா? நீங்களே சொல்லிடுங்க.”

அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் வாழ்நாளில் இதுவரை யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

செத்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. “சாகல,” என்றாள். “அவ சாகவே மாட்டா. நின்னுக்கிட்டேதான் இருப்பா. எப்பவும்.”

கைத்தட்டல் எழுந்தது. கனகராஜ் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காப்பாற்றிவிட்டோம் என்று மாதுமை ஒரு கணம் நினைத்தாள், உண்மையாகவே நினைத்தாள். பிறகு புத்தகங்களில் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மழை கொட்டியது. நாலு மணிக்கே ஈப்போ இருட்டிவிட்டது. வீட்டு முன்கூரையின் கீழ் ராக்காயியின் மோட்டார் சைக்கிள் நின்றது. சாவி அவளிடம் ஒன்று உண்டு. சனிக்கிழமை அடுப்படியைத் தேய்த்துக் கழுவுவாள். கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அப்பியது, இந்த முறை பச்சையாக, புதிதாக, வெட்டிய மறுகணத்தில் வருகிற இனிப்போடு. விளக்கு எதுவும் எரியவில்லை. குளிர்ப்பெட்டி உறுமி, நடுங்கி, அடங்கியது. அது அடங்கிய பிறகு இன்னொரு சத்தம் கேட்டது.

சொட்டு.

“அக்கா?”

சொட்டு.

கூடத்துத் தரை ஈரமாக இருந்தது. பாதம் ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு நடந்தாள். கைப்பேசி கையில் அதிர்ந்தபடியே இருந்தது, வாழ்த்துகள், வாழ்த்துகள்.

அடுப்படி வாசல்.

ராக்காயி சன்னலோரம் நின்றிருந்தாள். நிமிர்ந்து. கைகள் உடம்போடு ஒட்டிப்போயிருந்தன. விரல்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. பாதங்கள் இல்லை. தரைக்கல் வெடித்து, உள்ளே இறங்கியிருந்தன. கழுத்தில் கம்பி. கம்பியில் மங்கு. கன்னத்திலிருந்து கழுத்துவரை ஒரே சரிவாக ஒரு வெட்டு, அதன் வழியே வெள்ளையாக, நிதானமாக, நிற்காமல்.

முகம் மட்டும் முகமாகவே இருந்தது.

“தங்கச்சி,” என்றாள். உதடு லேசாகத்தான் அசைந்தது. “வந்துட்டியா. மங்கு நெறஞ்சிருச்சு. மாத்தி வையி.”

கைப்பேசியைப் பார்த்தாள் மாதுமை. ஒரு வாக்கியம். சரளாவுக்கு. ஐயாவுக்கு. மாடியிலிருந்த அத்தனை பேருக்கும். விரல் வரவில்லை. மங்கின் விளிம்பில் வெள்ளை தளும்பி, வழிந்து, தரையில் விழுந்தது. வீணாகிறதே என்று இருந்தது அவளுக்கு. அந்த நினைப்பு யாருடையது? அவள் தாத்தாவுடையதா?

அவள் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். மங்கைக் கழற்றினாள். கனமாக, உடம்புச் சூட்டோடு இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் கம்பியில் பொருத்தினாள்.

சொட்டு.

ராக்காயி சிரித்தாள்.